மாப்பிள்ளை மாட்டுன குழாய்

...அதனாலதான் இன்ஸ்பெக்டர் மேடம் கம்ப்ளெயின்ட் எழுதிப் போட்டேன். இல்லாட்டி எனக்கென்ன வேண்டுதலா? சொந்த மாப்பிள்ளை. பாத்து, அந்தப் படி ஐஸு. பூட்ஸெல்லாம் கழட்ட வேணாம், நேரா பேஸ்மென்ட்டுக்கே போயிடலாம். இந்தப் பனியில நீங்க வடக்க இந்த ஹான்காக் ஊரு வரைக்கும் வண்டி ஓட்டிட்டு வந்ததே பெரிசு. முப்பத்தோரு வருஷம் இந்த ரோட்டுல பனி தள்ளுற வண்டி ஓட்டுனவன் நான், எனக்குத் தெரியாதா. ஆர்வோ வீடு எதுன்னு கேட்டா யாரும் காட்டியிருப்பாங்களே. கேக்கலையா? ...சரி விடுங்க.

இதோ, இதுதான் அந்த ஃபர்னஸ். மாப்பிள்ளைதான் அக்டோபர்ல மாட்டுனான். வீட்டைச் சூடாக்க வாங்கிப் போட்டா, ஒரு நாளைக்கு நாலு தடவை தானா அணைஞ்சுக்குது. அந்தச் செவப்பு லைட்டு கண்ணடிக்கும். நான் கோட்டை மாட்டிக்கிட்டு அது முன்னாடி நிக்கணும். வயசான காலத்துல இது தேவையா எனக்கு?

பேரு நோலன். நோட்டுல எழுதிக்கிட்டீங்களா? இங்கேருந்து தெக்க, அந்தப் பெரிய பாலத்தைத் தாண்டிப் பொறந்தவன். அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குப் பனியப் பத்தி என்ன தெரியும் சொல்லுங்க. நீங்க இன்னைக்கு எழுதறதுலதான் அவன் லைசென்ஸ் நிக்கிறதும் போறதும் இருக்குதுன்னாங்க. அப்படியா மேடம்? ...ம். எனக்கும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. என் பொண்ணு லீசா மூணு வாரமாப் பேசறதில்ல. "அவரு பொழப்புல மண்ணள்ளிப் போடறீங்களேப்பா"ன்னு ஒரு வார்த்தை, அதோட போனை வச்சுட்டா. நியாயம்னு ஒண்ணு இருக்குதுல்ல?

இங்க பாருங்க கூத்தை. கேஸ் குழாய் இப்படி வருது, ஃபர்னஸுக்குள்ள போவுது. சரி. கீழ இந்த ஒரு சாண் துண்டு எதுக்கு? மூடி போட்டு மூடியிருக்கான். எங்கயும் போகாத குழாய்! கேட்டா, கேஸோட வர்ற தூசு தும்பு அதுல தங்கிடுமாம், ஃபர்னஸுக்குள்ள போகாதாம். குழாயிலே குப்பைத்தொட்டி வச்சவன் என் மாப்பிள்ளை ஒருத்தன்தான். ...எல்லா வீட்டுலயும் வைக்கணுமா? சட்டமேவா? அப்ப சட்டம் போட்டவனும் தெக்கத்திக்காரனாத்தான் இருப்பான்.

அப்புறம் சோப்பு. ஒரு கிண்ணத்துல சோப்புத் தண்ணி கலக்கிக்கிட்டு, மூட்டு மூட்டாத் தடவி, நுரை வருதான்னு பாத்துட்டு உக்காந்திருந்தான். அதுக்கு முந்தி மானி ஒண்ணை மாட்டிவச்சு, முள்ளு அசையுதான்னு பாக்கறேன்னு ஒரு மணி நேரம். எங்க வீட்டு காபி, எங்க வீட்டு ஏலக்காய் ரொட்டி. நுரை வரவேயில்ல, ரொட்டிதான் தீந்துச்சு. உங்களுக்கு ஒரு காபி? ...வேலை முடியட்டுமா, சரி.

இப்ப மேல பாருங்க. இந்த வெள்ளைக் குழாய், புகை வெளிய போறது. எவ்வளவு நேரா இருக்கு? இது அவன் மாட்டுனது இல்ல. அவன் மாட்டுனப்ப ஃபர்னஸ் பக்கமாச் சரிஞ்சு கெடந்துச்சு. ரசமட்டம் வச்சே பாத்துட்டேன். கேட்டா, உள்ள ஊர்ற தண்ணி திரும்பி ஓடி வரணும் மாமான்னு ஒரு கதை. அவன் இல்லாத நாளா பாத்து ரெண்டு கட்டையக் குடுத்து நான்தான் தூக்கி நிறுத்துனேன். ...ஆமா, நான்தான். எழுதுங்க, எழுதுங்க, நல்லதையும் எழுதணும்ல. உள்ள களக் களக்னு கேக்குதா? ...தண்ணி தேங்கித்தான் ஃபர்னஸ் அணையுதா? அதெல்லாம் தொரை பாத்த வேலையோட லட்சணம்.

கேஸ் ஒழுகலன்னு எப்படிச் சொல்றீங்க மேடம்? அப்ப என் தலைவலி? சும்மா தலைவலியில்ல, மண்டைக்குள்ள சம்மட்டி. குமட்டல் வேற. விஷப்புகை வந்தா கத்தும்னு மாடிப்படிகிட்ட அவன் மாட்டி வச்ச அலாரம் இருக்கே, அது ஒரு நாள் வாயத் தொறந்ததில்ல. அதுவும் டூப்பு. ...எப்பல்லாம் வலிக்குதுன்னா? வீட்டுக்குள்ள இருந்தா ஒண்ணுமில்ல. கேரேஜ்ல போயி உக்காந்தாத்தான். வாங்க, அங்கதான் எங்கயோ ஒழுகுது. இந்தக் கதவுதான்.

எப்படி வெதுவெதுன்னு இருக்கு பாத்தீங்களா? இங்க தனியா ஹீட்டரே கெடையாது. இது என் மூளை. அந்த வெள்ளைக் குழாய் வெளிய போயி ஆவியாக் கக்குது, கை வச்சா நல்ல சூடு. நான் பில்லு கட்டுன சூட்டுல ஊரு குளிர் காயணுமா? அதான் துணி காயவைக்கிற மிஷினோட குழாய் இருக்குல்ல, அதை அதுல சொருகி, செவுத்துல ஒரு ஓட்டை போட்டு, இப்படி உள்ள திருப்பி விட்டேன். அவன் கண்ணுல பட்டா பிடுங்கிப் போட்டுடுவான்னு அலமாரிக்குப் பின்னாடி...

என்ன மேடம், கையில இருக்கற மீட்டரு இப்படிக் கத்துது? கதவை எதுக்குத் தொறக்கறீங்க, இருக்கற சூடெல்லாம்... சரி வரேன், வரேன், இழுக்காதீங்க.

...

இதுவா? இந்தக் குழாயா? அந்தப் புகையவா நான் உக்காந்து...

வேற யாரு உள்ள இருப்பாங்கன்னா... நான்தான். தூண்டிலச் சரிபண்ணிட்டு. ஞாயித்துக்கெழமைன்னா பேத்தி வருவா. ஈவி. ஆறு வயசு. பக்கத்துல பெட்டி மேல உக்காந்து படம் போடுவா. கடைசியா வந்தப்ப அப்படியே தலை சாஞ்சு தூங்கிட்டா. எழுப்புனேன், எழுந்திரிக்கல. நோலன்தான் தூக்கிட்டுப் போனான். "நேரத்துக்குப் புள்ளையப் படுக்க வைக்கத் துப்பில்ல"ன்னு அவனைத்தான் ஏசுனேன். புள்ளையப் போர்த்தி எடுத்துட்டுப் போனான்.

மூணு வாரம் ஆச்சு. புள்ள எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல நான். கம்ப்ளெயின்ட்தான் எழுதிக்கிட்டிருந்தேன்.

உங்க போனைக் கொஞ்சம் குடுங்க மேடம். என் நம்பர்னா எடுக்கமாட்டாங்க.

...ஹலோ. வைக்காதீங்க மாப்பிள்ளே, நான்தான். ஈவி எப்படி இருக்கா? ...இல்ல, சண்டைக்கு இல்ல. மொதல்ல அதைச் சொல்லுங்க. ...பள்ளிக்கூடம் பனிக்கு லீவா. வெளிய விளையாடுறாளா. ...ம். சரி. சரி. ...ஆமா, வந்திருக்காங்க, பக்கத்துலதான் நிக்கறாங்க. ...குழாயா?

நீங்க மாட்டுனது நல்லாத்தான் இருந்துச்சு, நான் கை வைக்கற வரைக்கும்.