பாட்டு மட்டும் வராத விளையாட்டு

சத்தம் என் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை தம்பி. அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் நான் சொல்வது உங்களுக்குக் கேட்காது. காபியில் ஆரஞ்சுப் பூநீர் ஒரு சொட்டு விட்டிருக்கிறேன். விசாரிக்க வந்த வீடாயிற்றே என்று குடிக்காமல் வைத்துவிடாதீர்கள்.

என் மகள் எம்னா புகாரில் எழுதியதெல்லாம் உண்மைதான். பிரான்சில், மர்செய்யில் வேலை பார்க்கிற பிள்ளை, தப்பாக எழுதமாட்டாள்.

என் கணவர் தௌஃபிக்கும் நானும் இதே தெருவில் பப்ளிநெட் என்கிற இணையக் கடை நடத்தினோம். நம் பிசெர்த் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் முதன்முதலில் இணையத்தைப் பார்த்தது எங்கள் கடையில்தான். நடத்தினோம் என்றால், அவர் கல்லாவில் உட்கார்ந்து பேசுவார், நான் மேஜைக்கடியில் படுத்து ஒயர் மாட்டுவேன். தலையெல்லாம் தூசியோடு எழுந்து வந்தால் கடைக்கே கேட்கிற மாதிரி என்னைக் காட்டிச் சொல்வார்:

“பாத்து உக்காருங்கப்பா. ஷெத்லியா கை பட்டா கம்ப்யூட்டருக்கே காய்ச்சல் வந்துரும்.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கடையை ஒரேயடியாக மூடிய பிறகும், வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் அதையே சொன்னார். நல்ல நகைச்சுவை லேசில் கெட்டுப்போவதில்லை.

போன குளிர்காலத்தில் அவருக்கு மூளையில் அடைப்பு. கை கால் கொஞ்சம் தேறியது, பேச்சு போய்விட்டது. பயிற்சி கொடுக்க வந்த பெண், பேச வராதவர்களுக்குச் சில சமயம் பாட வரும், ராகத்தைப் பிடித்துக்கொண்டு சொற்கள் ஏறி வந்துவிடும், ஆனால் முதல் சில மாதங்கள்தான் முக்கியம் என்றாள். ரேடியோ வைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எம்னாவுக்கு ஒரு யோசனை வந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது அப்பாவும் மகளும் கடையில் ஒரு குதிரைப்படை விளையாட்டு ஆடுவார்கள். அந்தக் காலத்து சிடியில் விளையாட்டோடு பாட்டுகளும் இருக்கும், கடையில் வாங்கும் பாட்டு சிடியில் இருப்பது போலவே. அதை அப்படியே நகலெடுத்து அனுப்பினாள். பெரிய கோப்பு ஒன்று, சின்னது ஒன்று. பெரியதில்தான் எல்லாமும். சின்னதில் வெறும் எழுத்து, எந்தப் பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று. இல்லாத டிரைவை இருப்பதாகக் கணினியை நம்பவைத்து, அதில் இல்லாத சிடியைப் போடவேண்டும். நம்பவைப்பதுதான் மொத்த வேலையும். எனக்கு வராத வேலையா.

முதல் நாள் பாட்டு அருமையாக வந்தது. அவர் விரல்கள் தானாக விசைகளுக்குப் போயின. குதிரைகள் ஓட ஓடப் பாட்டை முனகினார். சில நாளில் “தண்ணி” என்றார். எம்னா போனில் அழுதாள். அந்த வாரக் கடைசியில், பயிற்சிப் பெண் பக்கத்திலிருக்க, என்னைப் பார்த்து ராகத்தோடு ஒரு முழு வாக்கியமே சொன்னார்:

“ஷெத்லியா... கை பட்டா... காய்ச்சல்...”

அந்தப் பெண் கைதட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் பாட்டு வரவில்லை.

வாள் சத்தம் வரும், குளம்படி வரும், பாட்டு மட்டும் வராது. சின்னக் கோப்பை அழித்துவிட்டுப் பெரியதை மட்டும் போட்டால் அப்படித்தான் ஆகும். எம்னா போனில் சொல்லிக்கொடுத்தாள்.

“சின்ன ஃபைலைத்தாம்மா டிரைவ்ல போடணும். பெருசை இல்ல.”

“எனக்கென்னடி தெரியும்? உங்கப்பா நல்லா இருந்திருந்தா நொடியில பண்ணியிருப்பாரு.”

“பாவம்மா நீ. நான் திரும்ப அனுப்பறேன்.”

அனுப்பினாள். இம்முறை அழிக்கவில்லை. சின்னக் கோப்பைத் திறந்து, விளையாட்டுக்குரிய வரிகளை அப்படியே விட்டுவிட்டு, பாட்டுகளுக்குரிய வரிகளை மட்டும் நீக்கினேன். கணினி ஒரு குறையும் சொல்லவில்லை. பிள்ளை பழைய விளையாட்டு ஆடுகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். ஒருவன் டிரைவை மாற்று என்றான், ஒருவன் பழைய விண்டோஸ் போடு என்றான். எல்லாம் நல்ல யோசனைகள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பாட்டுகளைத் தனியாகப் போனிலும் அனுப்பினாள். அதை அவர் பக்கத்தில் வைத்தேன்தான். திரையில் குதிரை ஓடாமல் அவருக்கு முனகலும் வரவில்லை.

தினமும் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். அதில் குறை வைக்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு பாட்டுக்காகக் காத்திருப்பார். ஸ்பீக்கரைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். திறந்த வாயை வீணாக்குவானேன் என்று ஒரு கரண்டி பார்லிக் கஞ்சி ஊட்டிவிடுவேன்.

தியாகப் பெருநாளுக்கு எம்னா வந்தாள். ஆட்டுக்கறி அடுப்பில் இருந்தது. சின்னக் கோப்பைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள்.

“இது தானா கெடலம்மா. வரி வரியா எடுத்திருக்காங்க. ஒரு எர்ரர்கூட வராம. நல்லாத் தெரிஞ்சவங்க வேலை.”

என் வேலையைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொன்னது அன்றுதான். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

உடனே சரிசெய்து பாட்டு வரவைத்தாள். அவர் கடைசிவரை கேட்டார். கண்ணில் நீர் வந்தது, சொல் வரவில்லை. வசந்தத்திலேயே தொடர்ந்திருந்தால் பேசியிருப்பார் என்று பயிற்சிப் பெண் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் நிம்மதிக்காகத்தான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆயுசு முழுக்கப் பேசிக் களைத்த மனிதர், ஓய்வு வேண்டாமா? உள்ளேதான் இருக்கிறார். சந்தேகமிருந்தால் போய் அவரையே கேளுங்கள் தம்பி. என்மேல் குறை இருந்தால் அவர் வாயாலேயே சொல்லட்டும், நான் குறுக்கே வரமாட்டேன்.