பச்சை மரத் தூண்கள்

ஆலிவ் மரத்தில் செய்த காய்கறிப் பலகையைத் தண்ணீரில் ஊறப் போடக் கூடாது, ஐயா. கழுவியதும் துடைத்து, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி நிறுத்தி வைக்க வேண்டும். நீங்கள் கேட்டது வேறு விஷயம் என்று தெரியும். அதைச் சொல்லவும் இதுதான் வழி.

எங்கள் ஊர் மத்மாத்தாவைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருவது நின்றதும், அவர்களுக்குச் சுற்றிக் காட்டும் என் வேலை போயிற்று. நோன்புப் பெருநாளுக்குள் ஒரு தொழில் கைக்கு வராவிட்டால் காபெஸ் நகரத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாக என் மனைவி ஹனியா சொன்னாள். சண்டை போட்டுச் சொல்லவில்லை. கோதுமை ரவையைக் கூஸ்கூஸுக்கு உருட்டிக்கொண்டே சொன்னாள். அதனால்தான் பயந்தேன்.

வீட்டு முற்றத்திலேயே பலகை செய்ய ஆரம்பித்தேன். சொல்லித்தர யாரும் இல்லை. குளிர்காலத்தில் வெட்டிய கிளையை அப்படியே அறுத்துச் செய்த முதல் பலகை, பத்து நாளில் படகு போல வளைந்து நடுவில் பிளந்தது. அடுத்ததில் துண்டுகளை நெருக்கமாக ஒட்டினேன். மரம் காயக் காயச் சுருங்கி, ஒட்டின இடமெல்லாம் நகம் போகிற அளவுக்கு வாய் திறந்தது. அப்புறம் எண்ணெய். கதவுக் கீலுக்கும் குழந்தையின் தலைக்கும் தீக்காயத்துக்கும் ஆலிவ் எண்ணெய் தடவுகிறவர்கள் நாங்கள். பலகைக்கும் அதையே தேய்த்தேன். விற்பதற்காக வாங்கிய காபெஸ் கடைக்காரி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினாள். பெட்டியைத் திறந்ததும் கெட்டுப்போன எண்ணெய் நாற்றம். தேன்மெழுகுதான் பூச வேண்டும் என்று பிறகு புரிந்தது. மெழுகு கிடைத்தது. காய்ந்த மரம் கிடைக்கவில்லை.

எங்கள் வீடு, அங்குள்ள பழைய வீடுகளைப் போல, தரையில் தோண்டிய பெரிய குழி. அடியில் முற்றம், சுற்றிலும் மண்ணைக் குடைந்த அறைகள். ஒரு பக்கம் நானும் ஹனியாவும். எதிர்ப்பக்கம் என் அண்ணன் லஸ்ஹர், அண்ணி ஸஹ்ரா, அவர்களுடைய கைக்குழந்தை ரீம். அண்ணன் அறையின் கூரையில் முன்பு ஒரு மழைக்கு வெடிப்பு விட்டது. அப்பா குறுக்கே ஒரு விட்டம் வைத்து, அதன் அடியில் இரண்டு ஆலிவ் மரத் தூண்களை நிறுத்தினார். தொடையை விடப் பருமன். இரும்பு போலக் காய்ந்தவை.

அண்ணனிடம் அவற்றில் ஒன்றைக் கேட்டேன். அண்ணன் ஹனியாவின் முன்னாலேயே சிரித்தார்.

"உன் பலகையில வெங்காயம் வெட்டினா வெங்காயமே அழுவுது. அதுக்கு என் கூரையைப் பிடுங்கித் தரணுமாடா? ஒரு வருஷம் மரத்தைக் காய வை, பெல்காசிம்."

எனக்கு ஒரு வருஷம் இல்லை. பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஹனியா தன் துணிகளை மடித்துத் தனியாக வைத்திருந்தாள்.

அண்ணன் வீட்டார் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று, தூண்களில் மெல்லிய துளைகள் போட்டு, கீழே மரத்தூள் சிந்திவைத்தேன். பிறகு அண்ணனைக் கூப்பிட்டுப் பூச்சி அரித்திருப்பதைக் காட்டினேன். இவற்றை எரித்துவிட்டு நல்ல தூண் வேறு கொண்டுவருகிறேன் என்றேன். புதிதாக வெட்டிய மரங்களைச் சுண்ணாம்பு அடித்துக் கொண்டுவந்தேன். சுண்ணாம்பின் கீழே பச்சையும் காய்ந்ததும் ஒன்றுதான். உயரம் போதாததற்குத் தூண்களின் தலையில் பருத்த பச்சைக் கட்டைகளைக் குறுக்காக வைத்து, சம்மட்டியால் அடித்து இறுக்கினேன். அண்ணன் தோளால் முட்டிப் பார்த்தார்.

"மலை மாதிரி நிக்குது. உன்னைத் தப்பா நெனைச்சுட்டேன்டா தம்பி."

அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

பழைய தூண்களிலிருந்து வந்த பலகைகளில் ஒன்றுகூட வளையவில்லை. கடைக்காரி இன்னும் கேட்டாள். ஹனியா ஒன்றைக் கையில் எடுத்து நெடுநேரம் தடவிப் பார்த்தாள். மடித்த துணிகள் பழைய இடத்துக்கே போயின.

பச்சை மரம் சுருங்கும் என்பது தெரியாதா என்று கேட்கிறீர்கள். அதைத்தானே ஒவ்வொரு பலகையாகப் படித்தேன். கோடையில் அண்ணன் அறையில் தேநீர் குடிக்கும்போதெல்லாம் தலை நிமிர்ந்து பார்ப்பேன். விட்டத்துக்கும் தூண் தலையில் இருந்த கட்டைக்கும் நடுவில் கோடு விழுந்தது. பிறகு அதில் என் விரல் நுழைந்தது. ஓர் ஆப்பு அடித்தால் போதும். அடித்தால் அண்ணன் காரணம் கேட்பார். தூண்கள் எங்கே போயின என்பது ஹனியாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் இடைவெளியில் ஜிப்சம் பூசி, மேலே வெள்ளையடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஸஹ்ரா அண்ணி எனக்கு இரண்டாவது கோப்பை ஊற்றினார்.

இலையுதிர்காலத்தின் முதல் பெருமழை பிற்பகலில் பிடித்தது. வயலில் இருந்த அண்ணன் நனைந்துகொண்டு வீட்டுக்கு ஓடி வந்தார். இடி இடித்தது, எதிரில் ரீம் வீறிட்டாள். ஹனியா போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணி தவிக்கிறாங்க. பிள்ளையை நான் கொஞ்ச நேரம் தூக்கி வச்சுக்கிறேன்."

நான் எழுந்து கதவை மறித்தேன். இன்றைக்கு அந்த அறைக்குப் போகாதே என்றேன். ஏன் என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன், எதிரில் கூரை சரியும் சத்தம் கேட்டு, குழந்தையின் அழுகை நிற்கும் வரை.

அவள் உங்கள் விசாரணையில் சொன்னது உண்மை, ஐயா. அந்தக் கூரை நிற்காது என்று எனக்குத் தெரியும். மூன்று பேரும் உள்ளே இருந்ததும் தெரியும். ஆனால் அவளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அவளை நான் காப்பாற்றினேனா இல்லையா.