திருச்செல்வம் ஐயா ஒட்டிய கண்ணாடிகள்

அதிபர் செசிலியா டீச்சர் அவர்களே, பாடசாலை அபிவிருத்திச் சங்கத் தலைவர் சாஹுல் ஹமீது ஹாஜியார் அவர்களே, அம்பிட்டியவிலிருந்து வந்திருக்கும் அமரர் திருச்செல்வம் ஐயாவின் குடும்பத்தாரே, மழையென்றும் பாராமல் தோட்டத்திலிருந்து இறங்கி வந்திருக்கும் பெற்றோரே, வணக்கம்.

முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். மண்டபம் இருக்க, ஈர மைதானத்தில் தகரப் பந்தல் போட்டு நம்மை ஏன் உட்கார வைத்தான் இந்த இருளப்பன் என்று சிலர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. மண்டபத்தைப் பூட்டியது நான்தான். பூட்டும் என் ஹார்ட்வெயார் கடைப் பூட்டுத்தான். காரணத்தைச் சொல்லவே எழுந்து நிற்கிறேன்.

முப்பது வருடம் அரசாங்கத்தில் கட்டட மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் பிள்ளை எதுவும் இங்கே படிக்கவில்லை. ஆனாலும் மாதத்தின் முதல் சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி இந்த ஹுன்னஸ்கிரிய மலைக்கு ஏறி வந்தது யார்? திருச்செல்வம் ஐயா. இந்த மண்டபத்தைப் பழுதுபார்த்துப் பிரயோசனமில்லை, இடித்துத்தான் கட்ட வேண்டும் என்று முதலில் சொன்னது யார்? திருச்செல்வம் ஐயா. புதுக் கட்டடத்துக்கு வகுப்பு வகுப்பாக அளந்து வரைபடம் போட்டுத் தந்தது யார்? அவரேதான்.

மண்டபத்தின் பின்சுவரில் ஒரு வெடிப்பு. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சீமெந்தால் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் திகதி எழுதினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஆறு வாரத்தில் உடைந்தது. நான் சிரித்தேன்.

"பிள்ளைங்க பந்தடிச்சிருப்பாங்க ஐயா. இதுக்குப் போய் கட்டடத்தையே இடிக்கச் சொல்றீங்களே."

"பந்து பட்டா துண்டு கீழ கிடக்கும், இருளப்பன். இது ரெண்டு பாதியும் சுவரிலயே நிக்குது, நடுவிலதான் வெடிச்சிருக்கு. நீர் சீமெந்து விக்கிற ஆள், உமக்கு விளங்கேல்லையோ?"

விளங்கியது. ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

சென்ற வருடம், எந்தப் பாடசாலைக்குப் புதுக் கட்டடம் தேவை என்று பார்க்க அதிகாரிகள் வருவதாகக் கடிதம் வந்தது. அப்போது ஐயா யாழ்ப்பாணத்தில், அக்காவின் செத்தவீட்டில். நாம் யார்? ஆள் வருகிறதென்றால் வாசலைக் கூட்டித் தெளிக்கிற சனம். நான் பெயின்ட் கொடுத்தேன், நீங்கள் பூசினீர்கள். கண்ணாடியைச் சுரண்டி எறிந்துவிட்டு வெடிப்பை அடைத்தோம். வந்தவர்கள் பளபளக்கும் சுவரைப் பார்த்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், கட்டடம் நல்ல நிலையில் இருப்பதாக எழுதிவிட்டுப் போனார்கள்.

ஐயா திரும்பி வந்து சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "வருத்தக்காரனுக்குப் பவுடர் பூசியே டொக்டரிட்டக் காட்டினனீங்கள்?" என்றார். பிறகு ஏணி கேட்டார். மறுபடி வெடித்த இடத்தில் நான்கு கண்ணாடி ஒட்டினார்.

சென்ற செவ்வாய்க்கிழமை அவர் இதயம் நின்றது. நேற்று அவர் படத்தை மாட்ட மண்டபத்துக்குள் ஏணி வைத்தேன். நான்கும் உடைந்திருந்தன. நான்கும் நடுவில். இரண்டு பாதிகளுக்கும் இடையில் என் சுண்டுவிரல் நுழைந்தது. எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது.

அந்தச் சுவரின் கீழேதான் மூன்றாம் வகுப்பு. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல வெட்கமில்லை. பேசிக்கொண்டே இருந்தாலும் என் காது அந்தப் பக்கம்தான் போகிறது. ஐயா இத்தனை நாள் இந்தப் பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டா பஸ்ஸில் வந்து போனார்?

திங்கட்கிழமை முதல் மண்டபத்து வகுப்புகள் சந்தியிலுள்ள என் களஞ்சியத்தில் நடக்கும். சீமெந்து மூட்டைகளை வெளியேற்றிவிட்டேன். அன்றே ஐயாவின் வரைபடத்தோடு கண்டிக்குப் போய் அதே அதிகாரிகள் முன் நின்று, வெடிப்பை மறைக்கப் பெயின்ட் கொடுத்தவன் நானென்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். புதுக் கட்டடம் எழும்வரை போய்க்கொண்டே இருப்பேன். இது ஐயாவுக்கு என் வாக்கு.

கடைசியாக ஒன்று. கலையும்போது மழை பெருக்கலாம். வழக்கம்போல மண்டபத்துத் தாழ்வாரத்தில் ஒதுங்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நனைந்தே போங்கள்.