தேவநாதன் கரை

மண்ணால் போட்ட கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், ஐயா. அதில் பயப்பட ஒன்றுமில்லை. கசிகிற தண்ணீர் தெளிவாக இருக்கிறவரை கரை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கலங்கலாக வந்தால்தான் உள்ளே மண் அரித்துக்கொண்டு போகிறது என்று பொருள். சிதம்பரத்துக்கு மேற்கே இந்த ஏரிக்கரையை இருபது வருஷமாகப் பார்வையிடுகிறவன் நான். எனக்கு இதெல்லாம் மனப்பாடம்.

தேவநாதன் கடலூரிலிருந்து மாற்றலாகி வந்தவன். நானும் ஓவர்சீயர், அவனும் ஓவர்சீயர். அறுபத்து நாலில் வடக்குக் கரை சரிந்தபோது ஊர்க்காரர்களோடு சேர்ந்து தானும் மண் சுமந்து கட்டினான். அன்றிலிருந்து ஊரில் அதற்குத் தேவநாதன் கரை என்று பெயர். நான் கால் தேய நடந்த கரைக்கு நேற்று வந்தவன் பெயர். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் என் மனைவி சௌந்தரம் சந்தையிலிருந்து வந்து, "தேவநாதன் கரை வழியா வந்துட்டேன், சேறே இல்லீங்க" என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு எரிந்தது, ஐயா. மறைப்பானேன்?

போன ஐப்பசியில் ஏரி தளும்பி நின்றது. வடக்குக் கரைக்குக் கீழே குடியிருந்த இருசம்மாள் என்னை அழைத்துப்போய்க் காட்டினாள்.

"ஐயா, கரையடியில தண்ணி செவசெவன்னு வருது பாருங்க."

உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன். விரலிடுக்கில் மண் தங்கியது.

"எருமை எறங்கிக் கலக்கியிருக்கும். போய் வேலயப் பாரும்மா" என்றேன். அவள் நிம்மதியாகப் போனாள்.

தேவநாதன் தெற்கே மதகடியில் நின்றிருந்தான். "வடக்க எப்பிடிண்ணே இருக்குது?" என்று கேட்டான்.

"தெளிவாத்தான் கசியுது."

"நீங்க பாத்துட்டா நான் பாக்க வேணாம்ணே."

அவன் பேசியதில் எனக்குப் பிடித்த பேச்சு அது ஒன்றுதான்.

கரை போனால் அவன் பெயரும் போகும். நான் நினைத்தது அவ்வளவே. கீழே வீடுகள் இருப்பது தெரியும், ஆனால் அங்கே இருந்தவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. மறுநாள் காலையில் கரை உடைந்தது. இருசம்மாள், அவள் மகள், பேரப்பிள்ளைகள், அந்தத் தெருவில் பாதிப்பேர் தண்ணீரோடு போய்விட்டார்கள். நான் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தேவநாதன் வீடு வீடாக ஓடி ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்தான். கடைசியில் அவனையும் தண்ணீர் கொண்டுபோயிற்று.

நீங்கள் விசாரித்து, மழைமேல் பழியைப் போட்டு முடித்துவிட்டீர்கள். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் ஊரார் உடைப்பெடுத்த இடத்தில் அவனுக்குக் கல் நட்டு, வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றுகிறார்கள். சௌந்தரமும் எண்ணெய் எடுத்துக்கொண்டு போகிறாள். எத்தனை நாள் இதைப் பார்த்துக்கொண்டிருப்பது? அந்தக் கரையை மழை உடைக்கவில்லை, ஐயா. தெரிந்தே உடையவிட்டவன் நான். இதையாவது என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.