தண்ணீர்த் தொட்டிமேல் மூன்றாம் ரகம்

படம் ஓடும்போது பக்கத்தில் பேசுகிறவர்களை யாருக்கும் பிடிக்காது, மேடம். எனக்கும் பிடிக்காது. ஆனால் பேசுவது எப்போதும் நான்தான்.

என்ன செய்ய? நாயகன் மொட்டை மாடியில் குப்புறப் படுத்து ஸ்நைப்பர் துப்பாக்கியால் குறி பார்க்கிறான். தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு மட்டும் சிரிப்பு தாங்கவில்லை. படியேறும்போது அவன் தோளில் தொங்கியது மரக்கட்டை வைத்த முதல் ரகம். படுத்ததும் அது நீளக் குழல் வைத்த இரண்டாம் ரகம். தப்பி ஓடும்போது கட்டையை மடக்கிக்கொள்ளும் மூன்றாம் ரகம். நடுவில் எந்தக் கடைக்குப் போய் மாற்றினான்? இதைச் சொன்னால் பக்கத்து இருக்கைக்காரர் இடம் மாறி உட்காருகிறார்.

சினிமாவுக்குத் துப்பாக்கி கொடுப்பது என் தொழில். பத்தொன்பது வருடம். என் கிடங்கில் மூன்று ரகமும் உண்டு. முதல் இரண்டும் சுடாத பொம்மைகள். மூன்றாவது மட்டும் அசல். எந்தப் படத்தில் எந்த நிமிடத்தில் எந்த ரகம் வருகிறது என்று பதினான்கு நோட்டுகள் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். வரிசை கலையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அத்தானைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். வந்துவிட்டேன்.

அத்தான் என் அக்காவின் கணவர், இயக்குநர். நான்கு படம் எடுத்தார், நான்கிலும் ரகம் மாறியது. நான் சரியானதைத்தான் அனுப்புவேன். அவர் கைக்கு எட்டியதை நாயகனிடம் திணிப்பார். கேட்டால் என் தோளில் தட்டுவார். "மாப்ளே, ஒரு செகண்டு வருது. யாரு கவனிக்கப் போறாங்க?"

கவனித்தாள் ஒருத்தி. பத்தாம் வகுப்பு மாணவி. நான்காவது படம் வந்ததும் ஒரு வார இதழுக்குக் கடிதம் போட்டாள். 'துப்பாக்கி கொடுத்தவர் முதலில் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும்' என்று. படத்தின் தொடக்கத்தில் என் பெயர் வருகிறதே, மேடம். சாப்பாட்டு மேசையில் அக்கா அதைப் படித்துக் காட்ட, அத்தானுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நானும் சிரித்தேன். "ரெண்டு பேரும் அந்தத் துப்பாக்கியையே கட்டிக்கிட்டிருந்தா, நான் எதுக்கு இந்த வீட்டுல?" என்றாள் அக்கா. கலகலப்பான குடும்பம் எங்களுடையது.

ஐந்தாவது படம். நாயகன் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, கேமராவை நேராகப் பார்த்துச் சுட வேண்டும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பொம்மையோ அசலோ, சுடும் காட்சிக்கு முன்னால் தோட்டா அறையைத் திறந்து இயக்குநரிடம் காட்டி "காலி" என்பேன். அவர் பார்த்துவிட்டு "காலி" என்பார். அதற்குப் பிறகுதான் துப்பாக்கி நடிகர் கைக்குப் போகும். முதல் படத்தில் அத்தான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான்காவது படத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே "காலி" என்றார்.

அன்று காலை பதினோரு மணி. நல்ல வெயில். எனக்குக் காலையிலிருந்தே உற்சாகம், பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். நாயகன் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, இமை மூடிப் படுத்திருந்தார். எட்டடி தள்ளிக் கேமரா. குறி பார்க்க ஒரு முகம் இருந்தால்தான் நடிப்பு வரும் என்று அவர் சொன்னதால், அத்தான் லென்ஸை ஒட்டி நின்றார். நான் தோட்டா அறையைத் திறந்து அவர் மூக்குக்குக் கீழே நீட்டினேன். உள்ளே பித்தளைத் தோட்டா ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"காலி" என்றேன்.

அத்தான் கைபேசியில் அக்காவுடன் பேசிக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பவில்லை. "காலி" என்றார். "மாப்ளே, மத்தியானம் உன்னையும் சாப்பிட வரச் சொல்றா."

மனதுக்குள் ஐந்து வரை எண்ணினேன். சத்தியமாக, மேடம், நிதானமாகத்தான் எண்ணினேன். ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் அவரைத் தூக்கிச் சுற்றியிருப்பேன். பார்க்கவில்லை. அறையை மூடி, துப்பாக்கியை நாயகன் கையில் வைத்தேன். அவர் பாவம், அவர்மேல் பிழையில்லை. நன்றாகவே நடித்தார்.

அந்தக் காட்சி எப்படியோ கசிந்துவிட்டது. நீங்கள் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துவருவதற்குள் ஊரே அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டது. முடிதிருத்தும் கடையில் இருவர் குழல் நீளத்தைப் பற்றி வாதாடினார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. எல்லாரும் கவனிக்கிறார்கள், மேடம். அக்கா மட்டும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இதென்ன, இரண்டு புகைப்படங்களை முன்னால் வைக்கிறீர்கள்?

"தொட்டியில ஏறும்போது ஹீரோ கையில இருக்கறது ரெண்டாவது ரகம். சுடும்போது மூணாவது. மாத்திக் கொடுத்தது நீங்கதானே?"

ஆமாம், நான்தான். தெரிந்தே கொடுத்தேன். அசலில்தானே தோட்டா வெடிக்கும்? இரண்டாம் ரகத்தைக் கொடுத்திருந்தால் அத்தான் இந்நேரம் ஆறாவது படம் எடுத்துக்கொண்டிருப்பார்.

ரகம் மாறியதை மட்டும் அறிக்கையில் எழுதாதீர்கள், மேடம். ஒரு நொடிதானே வருகிறது. யார் கவனிக்கப் போகிறார்கள்?