ஒற்றைக் காதுப் பூனை

— பொய் சொன்னே, காதைத் திருகிடுவேன். ஆமாவா, இல்லையா, ஒரு வார்த்தை.

— நரைச்ச தலைக்காரன் காதைத் திருகுவாங்களாக்கா? முதல்ல உட்காரு. அந்த ஸ்டூல் வேண்டாம், இப்பத்தான் பசை தடவி ஒரு ஃபிரேமை அதுல சாய்ச்சு வச்சேன்.

— உட்கார வரலடா. வெள்ளிக்கிழமை கண்காட்சி. ஏழு பூனைப் படம், ஆன்லைன் ஏலத்துல எடுத்த என் சேகரிப்பு, என் பேரு, என் கட்டுரை, எல்லாம் கேட்டலாக்ல அச்சாகி வந்தாச்சு. இன்னிக்குக் காலையில மியூசியத்துல படம் சுத்தம் பண்ற அம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, "டாக்டர், ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது"ங்கிறா.

— என்ன சொன்னாங்க?

— ஏழு பூனைக்கும் இடது காது கிடையாது, சரியா? முதல் படத்துல மட்டும் காது இருந்திருக்காம். வரைஞ்சு, நல்லாக் காஞ்சப்புறம், கூர்மையா எதையோ வச்சு யாரோ சுரண்டி எடுத்திருக்காங்க. விளக்கைச் சாய்ச்சுப் பிடிச்சுக் காட்டினா. கீறல் கீறலா இருக்கு, அடியில சாம்பல் கலர் ஒட்டிக்கிட்டிருக்கு. மத்த ஆறுலயும் காதே வரையல. பிறவியிலேயே ஒத்தைக் காது.

— ம்.

— 'ம்'மா? பல்லுல இருக்கிறது சொத்தையா, வெறும் கறையான்னு பார்த்தவுடனே சொல்றதுதான் என் பொழப்பு. அங்கேயே உட்கார்ந்து யோசிச்சேன். முதல் படத்துல இருந்தது காயம். அதைப் போய் வரைஞ்சவனோட முத்திரைன்னு நினைச்சது நான். சரி, என் முட்டாள்தனம், ஒத்துக்கிறேன். ஆனா என் முட்டாள்தனத்தை மத்த ஆறு படத்துக்கும் யாருடா சொல்லிக் கொடுத்தா?

— ஏலத்துல போடறவங்க எல்லாத்தையும் ஆராய்ஞ்சுட்டுத்தானே போடுவாங்க...

— எதைப் படிச்சு ஆராய்வான்? கட்டுரையே இப்பத்தான் வெளிய வந்திருக்கு. அதுக்கு முன்னாடி அந்தக் காது விஷயத்தை ஒரே ஒரு ஆள்கிட்டதான் சொன்னேன். முதல் படத்துக்கு ஃபிரேம் போட இதே மேசையில கொண்டாந்து வச்சு, "பார்த்தியாடா, விக்கிறவன் சேதம்னு போட்டிருக்கான், மடையன், இது முத்திரை"ன்னு சொன்னேன். நீ கண்ணாடி அறுத்துக்கிட்டே "அப்படியா"ன்னே.

— ஆமா. "அப்படியா"ன்னேன்.

— என் வீட்டுக்காரர்கிட்டகூட நான் சொல்லல. அவருக்குப் பூனையும் ஒண்ணு, பூசணிக்காயும் ஒண்ணு. அப்போ மிச்சம் யாரு? வாயைத் திற.

— பேஷண்ட்கிட்டச் சொல்ற மாதிரியே சொல்றியேக்கா.

— வாயைத் திறடா!

— நான்தான். போதுமா? நான்தான் வரைஞ்சேன்.

— அண்ணே, உள்ள வரலாமா? எங்க வீட்டுக்காரர் போட்டோவுக்கு ஃபிரேம் போட்டாச்சா?

— வாங்கம்மா, ஆச்சு. இந்தாங்க, கண்ணாடி பத்திரம்.

— ஃபிரேம் அம்சமா இருக்குண்ணே. மனுஷன்தான் முறைச்சுக்கிட்டு நிக்கிறார். இருந்தப்பவும் இதே மூஞ்சிதான், போயும் இதே மூஞ்சியா? கொஞ்சம் சிரிக்கிற மாதிரி ஏதாவது பண்ண முடியாதா?

— நான் ஃபிரேம் மட்டும்தான்மா போடுவேன். உள்ள இருக்கிறதைத் தொடறதில்ல.

— கேட்டீங்களாம்மா? இந்தக் காலத்துல எவ்வளவு நேர்மையான மனுஷன் பாருங்க!

— கேட்டேன். நல்லாவே கேட்டேன்.

— அப்போ வரேண்ணே.

— உள்ள இருக்கிறதைத் தொடறதில்லையா? நாக்கு கூசலையாடா உனக்கு?

— கூசுச்சு.

— வெளியாள் எவனாவது ஏமாத்தியிருந்தா போலீஸுக்குப் போயிருப்பேன், நாலு பேரைக் கூட்டித் திட்டியிருப்பேன். வேலியே பயிரை மேய்ஞ்சா எங்கடா போய்ச் சொல்றது? வாயில பஞ்சோட ஆளைச் சாய்ச்சு உட்கார வச்சுட்டு, கையுறையைக் கழட்டிப் போட்டுட்டு, போன்ல ஏலம் கேட்டிருக்கேன். முடியப்போற நேரத்துல அந்த 'நரிவால்'னு பேர் வச்சவன் விடாம ஏத்திக்கிட்டே போவான். நானும் விடமாட்டேன். ஜெயிச்சதும் அந்த பேஷண்டுக்கு மயக்க ஊசி போதுமான்னுகூட ஞாபகம் இருக்காது. அந்த நரிவாலும் நீதானா?

— சத்தியமா இல்லக்கா. அவன் யாரோ கப்பல்ல வேலை பார்க்கிறவன். உன்கிட்டத் தோத்துட்டு எனக்குச் செய்தி அனுப்பினான். அடுத்த பூனை வந்தா ஏலத்துக்கே விடாதே, கேட்ட விலை தரேன், என் ரூம்ல ஒண்ணு மாட்டணும்னான். நான் முடியாதுன்னுட்டேன்.

— ஏன்? வலிய வர்றதை வேண்டாம்பியா நீ?

— அவன் வாங்கிட்டா நீ வரமாட்டியே.

— எங்க?

— இங்கதான். கடைக்கு. ஒவ்வொரு பூனை வந்ததும் ஃபிரேம் போடக் கொண்டு வருவே. அந்தக் கலர் ஃபிரேமா, இந்தக் கலரான்னு அரை நாள் உட்கார்ந்திருப்பே. முதல் பூனைக்கு முன்னாடி நீ இந்த வாசலை மிதிச்சதில்லக்கா. கடை திறந்த அன்னிக்குக்கூட உன் டிரைவர் வந்து பூங்கொத்தைக் கொடுத்துட்டுப் போனார்.

— இந்த அழுமூஞ்சிக் கதையெல்லாம் என்கிட்ட வேண்டாம். பாசத்துல பண்ணிட்டேன்னு சொல்லி, குற்றவாளிக் கூண்டுல என்னையே ஏத்துவியா? வரணும்னா "வாக்கா"ன்னு ஒரு போன் போடறது. திருட்டுப் பேர்ல கடை விரிச்சா கூப்பிடுவாங்க?

— தப்புதான். இல்லன்னு சொல்லல. ஒண்ணோட நிறுத்திடலாம்னுதான் நினைச்சேன். ஆனா ஒவ்வொரு தடவையும், இந்தத் தடவை கண்டுபிடிச்சுடுவே, கண்டுபிடிச்சுடுவேன்னு...

— என்னத்தை?

— என்னை. ரெண்டாவதுல பூனை எது மேல உட்கார்ந்திருக்கு?

— பச்சை டிரங்குப் பெட்டி.

— ஒரு பக்கத் தாழ்ப்பாள் உடைஞ்சு, கயிறு கட்டி வச்ச பச்சைப் பெட்டி. நீ ஹாஸ்டலுக்குத் தூக்கிட்டுப் போனது. அதுக்கு நீ என்ன எழுதியிருக்கே?

— ..."பயணத்தின் தனிமை".

— சரி, அஞ்சாவது?

— அது முடிவெட்டுற கடை. பூனை நாற்காலியில சாய்ஞ்சிருக்கும்.

— நல்லா ஞாபகப்படுத்திப் பாரு. தலைக்கு மேல வட்ட விளக்கு. பக்கத்துல துப்புறதுக்கு ஒரு பேசின். பூனை வாயை அகலமாப் பிளந்துக்கிட்டுக் கிடக்கு. முடிவெட்ட எவன்க்கா வாயைப் பிளப்பான்?

— ஐயோ. என் கிளினிக்கு.

— அதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. நீ அதைத் தூக்கிக்கிட்டு வந்து, "பசியை எப்படி வரைஞ்சிருக்கான் பாருடா"ன்னே. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. பின்பக்கம் போய்க் கண்ணாடித் தூளைக் கூட்டிக்கிட்டு நின்னேன்.

— சிரிச்சிருக்கே. நான் இங்க உட்கார்ந்து உருகிக்கிட்டிருக்கேன், நீ பின்னாடி நின்னு சிரிச்சிருக்கே.

— அன்னிக்குச் சிரிச்சேன். முதல் நாள் சிரிக்கல. முதல் படத்தை இங்க வச்சுட்டு நீ என்ன சொன்னே? "இவன் கை தெய்வக் கைடா. உனக்கு இதெல்லாம் புரியாது, நீ ஃபிரேமைப் பார்த்துப் போடு"ன்னே. அன்னிக்குச் சாயங்காலமே போய்த்தான் பிரஷ் வாங்கினேன்.

— பொறாமை. முகம் தெரியாத ஒருத்தனை நான் ரெண்டு வார்த்தை பாராட்டினது உனக்குப் பொறுக்கல.

— அப்படியும் வச்சுக்கோ.

— "உலகத்தைப் பாதி மட்டும் கேட்ட கலைஞன்"னு எழுதினேன்டா. ஒரு காது கேட்காதவனா இருந்திருக்கணும், அந்த வேதனைதான் இப்படி வந்திருக்குன்னு ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கேன். வெள்ளிக்கிழமை அதை மைக்ல வேற படிக்கணும்.

— எனக்கு ரெண்டு காதும் நல்லாக் கேட்கும். நீ சொன்னது அத்தனையும் கேட்டுச்சு.

— விளையாடாதே. எனக்கு என்ன போச்சுன்னு உனக்குத் தெரியுமா? காசு போகட்டும், நாளைக்கே சம்பாதிப்பேன். நாள் பூரா அழுகின பல்லையே பார்த்துக்கிட்டிருக்கிறவ நான். அதுக்கு வெளிய ஒரு விஷயத்துல எனக்கும் கண்ணு இருக்குன்னு நம்பினேன். ஆயிரம் பொம்மை, ஆயிரம் கடிகாரம், உடைஞ்ச விளக்குன்னு ஏலத்துல கொட்டிக் கிடக்கிற குப்பையில, யாரும் கை காட்டாம நானாப் பார்த்து, நானா எடுத்தது இது. அதைப் பிடுங்கிட்டியே. இனிமே எதையாவது பார்த்து அழகா இருக்குன்னு சொல்லவே எனக்குப் பயமா இருக்கும்.

— உனக்குக் கண்ணு இருக்குக்கா.

— வாயை மூடு.

— இப்பத்தானே திறன்னே.

— சொல்றேன் கேளு. அந்த ஆறும் கண்காட்சிக்குக் கிடையாது, வண்டியில கிடக்கு, இறக்கி வச்சுக்கோ. அந்தக் கப்பல்காரனுக்கே வித்துக்கோ. கையில இருக்கிற இந்த முதல் படத்தை மட்டும்தான் மாட்டப் போறேன். மாடிப்படிப் பூனை. இதாவது நிஜம். இதை வரைஞ்சவன் என்னை ஏமாத்த வரையல. அந்த மியூசியம் அம்மாவே சொன்னா, "மத்ததெல்லாம் யாரோ பார்க்கணும்னு வரைஞ்ச மாதிரி இருக்கு, இதுல மட்டும் பூனையைத் தவிர வேற நினைப்பே இல்ல"ன்னு. பிடி. ஃபிரேமைக் கழட்டு.

— எதுக்கு? நல்ல ஃபிரேம்க்கா அது.

— உன் கை பட்டது எதுவும் இதுல ஒட்டிக்கிட்டிருக்கக் கூடாது. கழட்டிக் கொடு, நான் போறேன். அப்புறம் நீ யாரோ, நான் யாரோ.

— வேண்டாம். ஃபிரேம் இருக்கட்டும். சொன்னாக் கேளு.

— கழட்டுறியா, நானே உடைக்கட்டுமா?

— இதை யாரு ஏலத்துல போட்டிருந்தா, ஞாபகம் இருக்கா?

— பழைய சாமான் வியாபாரி ஒருத்தன். வீடு காலி பண்ணின இடத்துல எடுத்ததுன்னு போட்டிருந்தான்.

— எந்த வீடுன்னு கேட்டியா?

— அதை எதுக்கு நான் கேட்கணும்?

— அம்மா போனப்புறம் நம்ம வீட்டைக் காலி பண்ணினப்போ, "எனக்கு ஒரு குச்சிகூட வேண்டாம், ஆளைக் கூப்பிட்டு அள்ளிக் கொடுத்துடு"ன்னு யாரு சொன்னா?

— நிறுத்துடா.

— நீதானே கழட்டச் சொன்னே. இரு, ஆணி எடுக்கிறேன். இதோ. முதல் தடவை நீ இதைக் கையில எடுத்துக்கிட்டு உள்ள வந்தப்போ, கண்டுபிடிச்சுட்டா, இப்ப "டேய்"னு கத்துவா, ரெண்டு பேரும் சிரிப்போம்னு காத்துக்கிட்டு நின்னேன். நீ முத்திரைன்னே. இந்தா, பின்பக்கம் பாரு. ஓரத்துல பள்ளம் ஓடுதா? மேசை டிராயரோட அடிப்பலகை. நடுவுல நீலமா என்ன?

— மைக்கறை. "ஓவியன் எழுத்தாளனாகவும் இருந்திருக்கலாம்"னு கேட்டலாக்ல...

— பரீட்சைக்குப் படிக்கிறப்போ நீ மைப்புட்டியைக் கவிழ்த்தே. கறை போகலன்னு அப்பா உன் டிராயருக்கு வேற பலகை போட்டார். தூக்கிப் போட்டதை நான் எடுத்து வச்சுக்கிட்டேன். பெயின்ட் மட்டும் உன்னோடது. கேட்காம எடுத்தேன், அது என் தப்புதான்.

— இல்ல. நீ அப்போ அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டுத் திரிஞ்சே. ஒரு சின்னப் பையன் கையில இப்படி வராது. இந்த முதுகைப் பாரு, இந்தக் கண்ணைப் பாரு. இது வராதுடா.

— தெய்வக் கைன்னு நீதானே சொன்னே.

— அப்புறம் ஏன்டா விட்டே? இப்படி ஒரு கையை வச்சுக்கிட்டு, இத்தனை வருஷமா அடுத்தவன் போட்டோவுக்கு ஆணி அடிச்சுக்கிட்டு ஏன்டா உட்கார்ந்திருந்தே? எனக்கு வயிறு எரியுது. இந்தப் பூனையோட காதைச் சுரண்ட எந்தப் பாவிக்குடா மனசு வந்துச்சு?

— உன் ஜியாமெட்ரி பாக்ஸ்ல இருந்த காம்பஸ் முள்ளுக்கா. சுரண்டி முடிச்சுட்டு, "இனிமே பிரஷ்ஷைத் தொட்டே, அடுத்தது உன் காது"ன்னு சொன்னே.