ஆறவிடாத புண்

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

“மச்சான், படு!” செல்வத்தின் குரல்.

காலை ஆறு பத்து. முதலில் ஊய் என்று ஒரு நீளச் சத்தம். தரை தூக்கிப் போடுகிறது. சமையல் கூடாரத்தின் தகரம் பறக்கிறது. நான் விழுகிறேன். இரண்டாவது குண்டு. அதன்பின் செல்வத்தின் குரல் இல்லை. என் இடது கெண்டைக்காலில் இரும்புத் துண்டு.

இடம் இராக். வருடம் 2004. நாங்கள் குவைத்துக்குப் புறப்பட்டவர்கள். செல்வம் என் தங்கை மல்லிகாவின் கணவன். விருத்தாசலத்தில் இருவரும் பீங்கான் வேலை செய்தோம். எங்களை அனுப்பியவன் என் பெரியப்பா மகன். “ஓட்டல் வேலடா, ஏசி ரூமு” என்றான். குவைத்தில் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். லாரியில் ஏற்றினார்கள். இறக்கிய இடம் இராக்கில் அமெரிக்க ராணுவ முகாம்.

காலில் கட்டுப் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஊருக்கு வந்தேன். பெரியப்பா மகன் முந்திக்கொண்டிருந்தான். குவைத்தில் லாரி கவிழ்ந்து செல்வம் செத்தானாம். “பயத்துல ஒளர்றான், பாவம்” என்று என் தோளில் கை வைத்தான். மல்லிகா அவனை நம்பினாள். என்னிடம் இருந்த சாட்சி இந்தப் புண் ஒன்றுதான். காட்டினேன். பார்த்தாள். எழுந்து போனாள்.

புண் ஆறத் தொடங்கியது. எனக்குப் பயம். ஆறிவிட்டால் லாரி கவிழ்ந்தது என்றே ஆகிவிடும்.

பீங்கான் சாமானைச் சூளைக்கு அனுப்புமுன் கட்டைவிரலால் தடவுவோம். பிசிறு தட்டினால் நகத்தால் சுரண்டுவோம். பதினெட்டு வருடப் பழக்கம். காலில் பொருக்கு தட்டியதும் விரல் தானாகப் போனது. சாக நினைத்ததில்லை. வலிக்கிற நேரம், காதுக்குள் ஓயாமல் கேட்கும் அந்த ஊய் அடங்கும். அவ்வளவுதான். பிறகு வெட்கம். வெட்கம் தாங்காமல் மறுபடி விரல் போகும். இப்படி இரண்டு வருடத்துக்கு மேல்.

அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்த்தார்கள். இல்லை. மருந்தை மாற்றினார்கள். காலை எடுக்க வேண்டி வரலாம் என்றார் டாக்டர். என் மனைவி சாந்தி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாள். ஒரு மத்தியானம் என் நகத்தைப் பார்த்துவிட்டாள்.

“நீங்களேதானா? நான் தெனம் கட்டுறேன், நீங்க தெனம் பிரிக்கறீங்களா?”

பெரியப்பா மகன் எனக்குச் செய்ததை நான் இவளுக்குச் செய்திருக்கிறேன்.

சாந்தி போய் மல்லிகாவை அழைத்துவந்தாள். நான் கட்டை அவிழ்க்கப் போனேன்.

“புண்ணக் காட்டாதண்ணே. வாயால சொல்லு. கடைசியா அவரு என்னா சொன்னாரு?”

சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாததையும் சொன்னேன். அவன் கத்திவிட்டு என்னைத் தள்ளினான். நான் விழுந்தேன். அவன் நின்றுகொண்டிருந்தான். என் உயிர் அவன் கொடுத்த உயிர்.

மல்லிகா வெகுநேரம் அழுதாள். பிறகு என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லண்ணே.”

இன்னும் விரல் போகிறது. போனால் சாந்தியைக் கூப்பிடுகிறேன். திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்காருகிறாள்.

போனவை. செல்வம், வயது முப்பத்தொன்று. உடல் வரவில்லை. என் வலது காது, குண்டுச் சத்தத்தில் செவிடானது. உள்ளங்கை அளவு சதை. பாஸ்போர்ட் இரண்டு. சாந்தி என்மேல் வைத்திருந்த நம்பிக்கை, பாதி. அண்ணன் ஒருவன், அந்தப் பெரியப்பா மகன். அவன் சாகவில்லை. வேப்பூரில் இருக்கிறான். இன்னும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறான்.

எழுதிய நாள்: 11.2.2007, ஞாயிறு.